உப்புப் பார்க்க ஓர் ஆள்

நர்கீசுக்கு இரண்டு சமையல் தெரியும். ஒன்று, உப்பில்லாத ஆணம். இன்னொன்று, உப்புக் கரிக்கும் ஆணம். முதலாவதைப் புதன்கிழமை செய்தாள். இரண்டாவதை வியாழக்கிழமை செய்தாள்.

ஆணம் என்றதும் ஏதோ பெரிய பலகாரம் என்று நினைத்துவிடாதீர்கள். குழம்புதான். திண்டுக்கல் பேகம்பூரில், நர்கீசின் வீட்டில், குழம்பை அப்படித்தான் சொல்வார்கள்.

பத்து வயதுப் பெண்ணுக்கு அடுப்படியில் என்ன வேலை? வேறு வழியில்லை. அவளுடைய அம்மா குர்ஷித் பேகம் படுத்துப் பத்தொன்பது நாளாகியிருந்தது. விஷக் காய்ச்சல். காலையில் கொஞ்சம் இறங்கும். சாயங்காலம் மறுபடி ஏறும். டாக்டர் ஊசி போட்டார். மாத்திரை கொடுத்தார். "கஞ்சித் தண்ணி தவிர வேறெதுவும் கொடுக்கக் கூடாது. இருபத்தொரு நாள் தாண்டட்டும், பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

'பார்க்கலாம்' என்ற அந்தச் சொல் நர்கீசுக்குப் பிடிக்கவே இல்லை. என்னத்தைப் பார்ப்பது? தினமும் காலையில் எழுந்ததும் அம்மாவின் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பாள். மூச்சு சுடச்சுட வரும். அதற்குப் பிறகுதான் அவளுக்கே மூச்சு வரும்.

அது 1961ஆம் வருஷம். அம்மா படுத்துச் சில நாளில் ரமலான் நோன்பும் வந்துவிட்டது. அவளுடைய அத்தா, அதாவது அப்பா, ஜெகபர் அலி தோல் ஷாப்பில் வேலை பார்த்தார். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறும் தோல்களைப் புரட்டிப் போடும் வேலை. பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் வேலை செய்துவிட்டு, பொழுது சாய்ந்து பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் நேரத்துக்கு வீட்டுக்கு ஓடி வருவார். நோன்பு திறந்ததும் அப்படியே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு மறுபடி ஷாப்புக்கு ஓடுவார்.

முதல் இரண்டு வாரமும் பக்கத்து வீட்டு சர்புன்னிசா மாமி சோறு கொடுத்தனுப்பினார். அவருக்கே ஏழு பிள்ளைகள். எத்தனை நாளைக்குத்தான் அவரும் கொடுப்பார்? "நானே ஆக்குறேன் அத்தா" என்று நர்கீஸ் தைரியமாகச் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

பயத்துக்குக் காரணம் அடுப்பு இல்லை. அரிசி வடிக்க அவளுக்குத் தெரியும். அவளுடைய எதிரி உப்பு.

நர்கீஸ் அந்த வருஷம்தான் முழு நோன்பு பிடித்தாள். யாரும் அவளைப் பிடிக்கச் சொல்லவில்லை. அம்மாவுக்குக் காய்ச்சல் விட வேண்டும் என்று துஆ கேட்டு, ஒவ்வொரு நாளும் அவளாகவே பிடித்தாள். நோன்பு பிடித்தவள் எப்படி உப்புப் பார்ப்பது?

"நாக்கு நுனியில வச்சுத் துப்பிரு. நோன்பு போகாது" என்று அம்மா சொல்லத்தான் செய்தார்.

"நான் முழுங்கிருவேம்மா" என்றாள் நர்கீஸ். பொய் இல்லை. வாய் கொப்பளிக்கும்போதே ஒரு சொட்டு உள்ளே போய்விட்டதோ என்று அரை மணி நேரம் கவலைப்படுகிற பெண் அவள்.

பாங்கு சொன்ன பிறகு ருசி பார்க்கலாம்தான். ஆனால் அத்தாவும் அதே நேரத்தில்தான் சாப்பிட உட்காருவார். அப்போது தெரிந்து என்ன பயன்?

புதன்கிழமை அவள் உப்பைக் கொஞ்சமாகப் போட்டுவிட்டு, ஒரு கிண்ணத்தில் தனியாகவும் வைத்தாள். கல் உப்பு சோற்றில் கரையுமா? அத்தா ஒவ்வொரு வாய்க்கும் 'நறுக், நறுக்' என்று கடித்தார்.

"ஆணம் நல்லாருக்கும்மா. கல்லுதான் கொஞ்சம் கூட" என்றார்.

வியாழக்கிழமை அவள் உஷாராக இருந்தாள். அம்மாவுக்கு நோன்பு இல்லையே! ஒரு கரண்டி பருப்பாணத்தைக் கட்டிலுக்குக் கொண்டுபோய், அம்மாவின் நாக்கில் ஒரு சொட்டு வைத்தாள்.

"உப்பே இல்லையே" என்றார் அம்மா.

ஒரு கை உப்பு போட்டாள்.

"ம்ஹூம். இன்னும் ஏறல."

இன்னொரு கை போட்டாள். அன்று அத்தா மூன்று சொம்புத் தண்ணீர் குடித்தார். மூன்றாவது சொம்பைக் கீழே வைத்துவிட்டு, "தண்ணி நல்லாருக்கு" என்றார். கோபமே படவில்லை. அதுதான் நர்கீசுக்குத் தாங்க முடியவில்லை.

பாத்திரம் கழுவும்போது அவளுக்கு விளங்கியது. அம்மாவுக்குக் கஞ்சியும் கசந்தது, சர்க்கரையும் கசந்தது. காய்ச்சல் வந்த நாக்குக்கு உப்பு மட்டும் எப்படித் தெரியும்?

"எப்படிம்மா இம்புட்டு உப்பு?" என்று அத்தா கேட்டபோது, "கை தவறிருச்சு அத்தா" என்றாள். அம்மா சொல்லித்தான் போட்டேன் என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. கேட்டால் அம்மா படுத்துக்கொண்டே அழுவார்.

வெள்ளிக்கிழமை காலையில் அத்தா அவளை வாசலுக்குக் கூப்பிட்டார்.

"நர்கீசு, ஒன்னையும் தம்பியையும் நாளைக்குக் காலையில நெலக்கோட்டைக்குக் கூட்டிட்டுப் போறேன். பெரியம்மா வீட்டுல இருங்க. பெருநாள் முடிஞ்சு வந்துக்கிரலாம்."

"அம்மா?"

"சர்புன்னிசா மாமி பார்த்துக்கிரும். எனக்கு ஷாப்புலயே ஒரு வாய் கெடைச்சிரும். நீ நோன்பும் பிடிச்சு, பள்ளிக்கூடமும் போயி, அடுப்புலயும் வெந்து... வேணாம்மா."

பெருநாளுக்கு இன்னும் பதினைந்து நாள் இருந்தது. இருபத்தோராம் நாளோ நாளை மறுநாள். அன்றைக்கு நர்கீஸ் நிலக்கோட்டையில் இருப்பாள். காலையில் அம்மாவின் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பது யார்?

"நான் போகமாட்டேன் அத்தா" என்றாள். அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னைக்கு ஒருநா பாருங்க. ஒழுங்கா ஆக்குறேன்."

அத்தா அவளையே பார்த்தார். பிறகு கையிலிருந்த இலைப் பொட்டலத்தை நீட்டினார்.

"கறிக்கடை அப்பாஸ் எலும்பு குடுத்தாரு. தால்ச்சா ஆக்கு. வாயில வைக்கிற மாதிரி இருந்துச்சுன்னா ரெண்டு பேரும் இங்கனயே இருங்க. இல்லேன்னா காலையில பஸ்ஸு. சரியா?"

நர்கீஸ் தலையாட்டினாள். பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

தால்ச்சா ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. பருப்பும் கத்தரிக்காயும் ஆட்டெலும்பும் சேர்ந்தால் தால்ச்சா. கறி வாங்க வசதியில்லாத நாளிலும் கறி மணம் வீசும். அதுதான் அதன் பெருமை. அம்மா படுத்தபடியே மெல்லிய குரலில் சொல்லிக்கொடுத்தார்.

"எலும்பை மஞ்சப்பொடி போட்டுத் தனிச் சட்டியில வேகவை. அதுல உப்புப் போடாத. பருப்பை நல்ல தண்ணியில போடு. கெணத்து உப்புத் தண்ணியில போட்டா விடிய விடிய வேகாது. பருப்பு மலர்ந்ததும் கத்தரிக்கா, தக்காளி, மசால்பொடி. அப்புறம் செத்தோண்டு புளி. எல்லாம் வெந்ததும் எலும்பைச் சாறோட ஊத்தி ஒரு கொதி விட்டு எறக்கிரு."

"உப்பும்மா?"

"அதுக்கென்ன? போட்டுட்டு எங்கிட்டக் கொண்டா. நான் பார்த்துச் சொல்றேன்."

நேற்றும் அம்மாதானே உப்புப் பார்த்தார்! "சரிம்மா" என்று மட்டும் சொன்னாள்.

பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பக்கத்தில் உட்காருபவள் பெயர் வியாகுலம்மாள். வியாகுலம் என்றால் கவலை. மாதாவின் பெயர் என்று கோயிலில் வைத்தது. ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தில் கவலையை யாரும் பார்த்ததில்லை. கணக்கில் முட்டை வாங்கினாலும் சிரிப்பாள். "பேரை எனக்கு வச்சிருக்கணும், உனக்கு வச்சுட்டாங்க" என்று நர்கீஸ் அடிக்கடி சொல்வாள்.

நர்கீஸ் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னாள். பஸ், நிலக்கோட்டை, மூன்று சொம்புத் தண்ணீர் எல்லாவற்றையும்.

"இம்புட்டுத்தானா? உப்புப் பார்க்க ஓர் ஆள் வேணும். நான் வாரேன்" என்றாள் வியாகுலம். "ஒரு கரண்டி என்ன, ஒரு சட்டியே பார்க்கிறேன். ஆனா ஆறு மணிக்குள்ள விட்டுரணும். கோயிலுக்குப் போகலேன்னா எங்கம்மா என் தோலை உரிச்சு உங்க அத்தா ஷாப்புக்கு அனுப்பிரும்."

பல நாளுக்குப் பிறகு நர்கீஸ் சிரித்தாள்.

மத்தியானம் வீட்டுக்கு ஓடினாள். மரத்தூள் அடுப்பில் எலும்புச் சட்டியை ஏற்றினாள். மரத்தூளை இறுக்கி அடைத்துப் பற்றவைத்துவிட்டால் அந்த அடுப்பு மூன்று மணி நேரம் தானாகவே கனன்றுகொண்டிருக்கும். ஒரு கண் பார்த்துக்கொள்ளும்படி சர்புன்னிசா மாமியிடம் சொல்லிவிட்டுத் திரும்ப ஓடினாள்.

சாயங்காலம் வந்தபோது எலும்பு நன்றாக வெந்திருந்தது. விறகு அடுப்பில் பருப்பை ஏற்றினாள். கத்தரிக்காய் நறுக்கினாள். அம்மா சொன்ன வரிசை மாறாமல் ஒவ்வொன்றாகப் போட்டாள். தம்பி கிதர் முகம்மது அடுப்புக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். பெயர்தான் நீளம். ஆளுக்கு நான்கு வயது.

"வெந்திருச்சா?"

"இல்ல."

"இப்ப?"

"இல்லடா!"

உள்ளே அம்மாவின் சத்தமே இல்லை. சாதாரணமாக இந்த நேரத்தில் காய்ச்சல் ஏறி அம்மா அனத்துவார். இன்று அனத்தலும் இல்லை. தண்ணீர் கேட்கும் குரலும் இல்லை. நர்கீஸ் கரண்டியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.

அம்மா சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தார். மூக்கருகே விரலை வைத்தாள். மூச்சு வந்தது. நெற்றியைத் தொட்டாள். ஈரமாக இருந்தது. தலையணைகூட நனைந்திருந்தது. இப்படி வேர்ப்பது நல்லதா, கெட்டதா? அவளுக்குத் தெரியவில்லை. கேட்கலாம் என்றால் அத்தாவும் இல்லை. பாவாடை நுனியால் அம்மாவின் நெற்றியை மெல்லத் துடைத்துவிட்டு, அழுகையை அடக்கிக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள்.

வாசலில் வியாகுலம் மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தாள்.

"அடேயப்பா! தெருமுனை வரைக்கும் மணக்குதுடி! என்ன அது?"

"எலும்பு போட்ட தால்ச்சா."

வியாகுலத்தின் சிரிப்பு அப்படியே நின்றது. அவள் முகத்தில் கவலை வந்ததை நர்கீஸ் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள்.

"எலும்பா? காலையில ஆணம்னுதானடி சொன்னே? பருப்பாணம்னு நெனைச்சேன். இன்னைக்கு வெள்ளிக்கிழமை."

"அதுக்கு?"

"வெள்ளிக்கிழமை எங்களுக்குச் சுத்த போசனம். கறி, எலும்பு எதுவும் தொடக்கூடாது. அதுவும் இது தபசுகாலம். உங்களுக்கு நோன்பு மாதிரி எங்களுக்கு."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருத்திக்கு நோன்பு. இன்னொருத்திக்குச் சுத்த போசனம். நடுவில் ஒரு சட்டித் தால்ச்சா, உப்புத் தெரியாமல் கொதித்துக்கொண்டிருந்தது.

"தெருவுல வேற ஆளே இல்லையா?" என்று கேட்டாள் வியாகுலம்.

"எல்லாருக்கும் நோன்பு. மாமிக்கும் நோன்பு. அது வீட்டுச் சின்னப் பிள்ளைகளுக்கு உப்புச் சொல்லத் தெரியாது."

"நான் இருக்கேன்!" என்றான் கிதர்.

வேறு வழியில்லாமல் நர்கீஸ் பருப்பில் கொஞ்சம் எடுத்து ஊதி ஆற்றி அவனுக்குக் கொடுத்தாள்.

"எப்படிடா இருக்கு?"

"நல்லாருக்கு."

"உப்பு கூடவா, கொறைவா?"

"நல்லாருக்கு."

"அது சரிடா. உப்பு இருக்கா, இல்லையா?"

"இன்னும் கொஞ்சம் குடு. சொல்றேன்."

நர்கீஸ் தலையில் கை வைத்துக்கொண்டாள். அவள் இன்னும் ஒரு கல் உப்புகூடப் போட்டிருக்கவில்லை.

வெயில் சுவரில் ஏறிக்கொண்டிருந்தது. அது கூரையைத் தொட்டால் பாங்கு நேரம். வியாகுலம் கரண்டியைப் பார்த்தாள். சிநேகிதியின் முகத்தைப் பார்த்தாள்.

"இங்க பாரு" என்றாள் மெதுவாக. "ஒரே ஒரு சொட்டு. நாளைக்குச் சனிக்கிழமை. பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்டச் சொல்லிர்றேன். மூணு பிரியதத்த செபம் சொல்லுன்னு சொல்வாரு. நான் ஆறாச் சொல்லிர்றேன். நீ பஸ் ஏறிப் போயிட்டா நான் யாரு பக்கத்துல உட்கார்றது?"

நர்கீசுக்கு ஆசையாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்? 'சரி' என்று ஒரு சொல் சொன்னால் போதும். அம்மாவின் பக்கத்திலேயே இருந்துவிடலாம். அந்தச் சொல் தொண்டை வரை வந்துவிட்டது.

ஆனால் கரண்டியை எடுத்த வியாகுலம் மறு கையால் அவசரமாகச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். நர்கீஸ் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்டி. நான் என் நோன்பை விடமாட்டேன்னு நிக்கிறேன். உன்னோடதை மட்டும் விடுன்னா நல்லாவா இருக்கும்?"

"அப்ப பஸ்ஸு?"

நர்கீஸ் கரண்டியை வாங்கிக் கீழே வைத்தாள். கண்ணில் நீர் முட்டியது. புகையால் வந்த நீர் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று அடுப்பின் பக்கம் திரும்பினாள். விறகு அடுப்பில் பருப்புச் சட்டி. மரத்தூள் அடுப்பில் எலும்புச் சட்டி.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். இரண்டு சட்டிகள்!

"வியாகுலம்! எலும்பை இன்னும் நான் ஊத்தவே இல்ல!"

"அதுக்கு?"

"இந்தச் சட்டியில இருக்கிறது வெறும் பருப்பும் கத்தரிக்காயும்தான். இது உனக்கு ஆகும்ல?"

வியாகுலம் வாயைப் பிளந்தாள். உடனே சந்தேகத்தோடு, "எலும்புல விட்ட அகப்பையை இதுல விட்டியா?" என்று கேட்டாள்.

"இல்ல. அது வேற அகப்பை, இது வேற அகப்பை."

"அப்ப உப்பைப் போடுடி!"

நர்கீஸ் ஒரு கை உப்பை எடுத்தாள். உடனே அடுத்த கவலை வந்துவிட்டது. கவலைப்படுகிறவர்களிடம் ஒரு நல்ல குணம் உண்டு. அடுத்த பள்ளம் அவர்களுக்கு முன்கூட்டியே தெரியும்.

"இரு, இரு. எலும்புச் சாறுல உப்பு இல்ல. இதுல இப்ப உப்பு சரியா இருந்தா, சாறை ஊத்தினதும் கொறைஞ்சு போகும்."

"அப்பக் கொஞ்சம் கூடப் போடு."

"கொஞ்சம்னா எம்புட்டு? நேத்தும் 'இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்'னுதான் போட்டேன்."

அவள் யோசித்தாள். பிறகு எலும்புச் சாறை அகப்பையால் அளந்து ஒரு பாத்திரத்தில் ஊற்றினாள். நான்கு அகப்பை வந்தது. பருப்பையும் அதற்குரிய, அதே அளவு அகப்பையால் அளந்தாள். பன்னிரண்டு அகப்பை. மூன்று பங்கு பருப்புக்கு ஒரு பங்கு சாறு. வகுத்தல் கணக்கு அடுப்படிக்கு வரும் என்று கணக்கு டீச்சர்கூட நினைத்திருக்கமாட்டார்.

எடுத்து வைத்த உப்பைப் பருப்பில் போட்டுக் கிண்டினாள். ஒரு டம்ளரில் மூன்று கரண்டி பருப்பும் ஒரு கரண்டி வெந்நீரும் ஊற்றிக் கலக்கினாள்.

"சாறுக்குப் பதிலா வெந்நீர். இப்பக் குடிச்சுப் பாரு."

வியாகுலம் உறிஞ்சினாள். கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள். "கொறைவு."

நர்கீஸ் அரைக் கை உப்பு போட்டுக் கரையும்வரை கிண்டினாள். மறுபடி மூன்று கரண்டி, மறுபடி ஒரு கரண்டி.

"இன்னும் ஒரு பொட்டு."

மறுபடியும்.

"இப்பச் சரி."

"நெசமாவா?"

"நெசமா."

"இன்னொரு தடவை பாரேன்."

"சரியா இருக்குடி!"

"இன்னும் ஒரே தடவை."

"இதுக்கு மேல பார்த்தா எனக்கு ராத்திரிச் சோறே வேண்டியிருக்காது!" என்றாள் வியாகுலம். தூரத்தில் கோயில் மணி அடித்தது. "ஐயையோ, சிலுவைப் பாதை!" என்று கத்திக்கொண்டே பாவாடையைத் தூக்கிப் பிடித்து ஓடினாள். தெருமுனையில் திரும்பி நின்று, "சரியாத்தான் இருக்கு! கவலைப்படாத!" என்று கூவிவிட்டு மறைந்தாள்.

கவலைப்படாமல் இருக்க நர்கீசுக்குத் தெரியுமா என்ன? எலும்பைச் சாறோடு ஊற்றி ஒரு கொதி விட்டு இறக்கினாள். அம்மாவுக்குக் கஞ்சித் தண்ணீரையும் வடித்தாள். எப்படியும் அம்மா 'உப்பே இல்லை' என்பார் என்று அதில் இரண்டு சிட்டிகை உப்பைக் கூடுதலாகவே போட்டாள். பிறகு பாய் விரித்தாள். தட்டு வைத்தாள். தண்ணீர்ச் சொம்பையும் வைத்தாள். சொம்பைப் பார்க்கவே பயமாக இருந்தது.

அத்தா வந்தார். கை கால் கழுவினார். பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. அத்தா பிஸ்மி சொல்லிப் பேரீச்சம்பழத்தைக் கடித்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். நர்கீஸ் சோற்றைப் போட்டுத் தால்ச்சாவை ஊற்றினாள்.

முதல் வாய். அத்தா ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாவது வாய். அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. எலும்பை எடுத்து 'உர்ர்' என்று உறிஞ்சினார். கிதரும் அவரைப் போலவே உறிஞ்சினான்.

அப்புறம் அத்தாவின் கை சொம்பின் பக்கம் போனது.

அவ்வளவுதான். நாளைக் காலையில் பஸ். பெரியம்மா வீடு. பதினைந்து நாள்.

அத்தா சொம்பிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினார். அதை அவளிடமே நீட்டினார்.

"பாங்கு சொல்லி எம்புட்டு நேரமாச்சு? நீ இன்னும் நோன்பே தெறக்கலயே. மொதல்ல தண்ணியக் குடிம்மா."

அப்போதுதான் நர்கீசுக்கு அந்த ஞாபகமே வந்தது. மடக்மடக்கென்று குடித்தாள். அத்தா தட்டை முன்னால் நகர்த்தினார்.

"சோறு போடு. ஆணம் நெறைய ஊத்து."

இரண்டாவது தடவையும் சாப்பிட்டு முடித்து, விரல்களை ஒவ்வொன்றாக வழித்துவிட்டு அத்தா கேட்டார்: "நாளைக்கு என்ன வாங்கிட்டு வரணும்? கத்தரிக்காயா, பூசணிக்காயா?"

நர்கீஸ் மனசுக்குள் கணக்குப் போட்டாள். நாளைக்குக் காய் வாங்குவது என்றால் நாளைக்கு இந்த அடுப்பு எரியும். இந்த அடுப்பு எரிந்தால் அவள் இங்கே இருப்பாள். "பூசணிக்கா" என்றாள், வாயெல்லாம் சிரிப்பாக.

உள்ளிருந்து அம்மா கூப்பிட்டார். "நர்கீசு... பசிக்குதும்மா."

பத்தொன்பது நாளில் அம்மா பசி என்று சொன்னதே இல்லை. நர்கீஸ் கஞ்சிக் கிண்ணத்தோடு ஓடினாள். தலையைத் தாங்கிப் பிடித்து ஒரு வாய் கொடுத்தாள். அம்மா முகத்தைச் சுளித்தார்.

"என்னடி இது! இம்புட்டு உப்பு? கரிக்குதே!"

நர்கீஸ் கிண்ணத்தைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். "என்னம்மா சொன்னீங்க?"

"உப்புக் கரிக்குதுங்கிறேன்! ஒரு கஞ்சிக்கு உப்புப் போடத் தெரியலையே ஒனக்கு!"

"அத்தா! அத்தா! அம்மாவுக்கு உப்புத் தெரியுது!"

அத்தா எச்சில் கையோடு ஓடி வந்தார். இடது கையை அம்மாவின் நெற்றியில் வைத்தார். கழுத்தில் வைத்தார். நெற்றி குளிர்ந்திருந்தது. அவர் அப்படியே கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

அம்மா ஒன்றும் புரியாமல் இருவரையும் பார்த்தார். பிறகு ஏதோ நினைவு வந்தவராக, "அப்ப நேத்து நான் உப்பே இல்லேன்னு சொன்னது?" என்று இழுத்தார்.

"கை தவறிருச்சுன்னுல்ல சொன்னே?" என்று அத்தா மகளைப் பார்த்தார். நர்கீஸ் தரையைப் பார்த்தாள். அத்தா சுத்தமான கையால் அவள் தலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"கஞ்சியில வெந்நீர் ஊத்திக் கொண்டாடி" என்றார் அம்மா. "வாயில வைக்க முடியல."

நர்கீஸ் கிண்ணத்தோடு அடுப்படிக்கு ஓடினாள். அந்த வாரம் அவள் சமையலைப் பற்றி யார் யாரோ என்னென்னவோ சொன்னார்கள். அவளுக்கு ரொம்பப் பிடித்தது அம்மாவின் திட்டுதான்.